‘வரேன்’ சொல்லக் கூடாத இடம்

போன வாரம் ஷில்பா போன் செய்தாள். பெங்களூரில் நான் வேலை பார்த்த புற்றுநோய் ஆஸ்பத்திரியில், கதிர்வீச்சுப் பிரிவில், எனக்குக் கீழே டெக்னீஷியனாக இருந்த பெண். இப்போதெல்லாம் நோயாளிகள் கையில் நம்பரோடுதான் உள்ளே வருகிறார்களாம். இந்த நோய் வந்தவர்களில் இத்தனை பேர் ஐந்து வருஷம் இருப்பார்கள் என்று போனில் பார்த்துவிட்டு வந்து, நான் எந்தப் பக்கம் என்று அவளைக் கேட்கிறார்களாம். நான் என்னக்கா சொல்றது என்றாள். போனில் சொல்லி முடிகிற விஷயமா இது? எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

எழுத உட்கார்ந்த பிறகுதான், எழுத வேண்டியது என் வீட்டுக்காரரைப் பற்றித்தான் என்று தெரிந்தது. அவரிடம் கேட்டேன். தாராளமாக எழுது, ஆனால் என்னை அழகாகக் காட்டு என்றார். முடிந்தவரை பார்க்கிறேன்.

என் பெயர் ரூபி. பிறந்தது, வளர்ந்தது, இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எல்லாம் கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் என்கிற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கினார். நான் பெங்களூருக்கு ரயில் ஏறினேன். வேலை பார்த்த காலமெல்லாம் காலையில் மாரிக்குப்பம் வண்டியில் போய், சாயங்காலம் அதே வண்டியில் திரும்பிய ஆள் நான். அந்த வண்டியில் உட்கார இடம் பிடிக்கத் தெரிந்தவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் கஷ்டமில்லை.

பயிற்சிக் காலத்தில் சொல்லும்படியாக நடந்தது ஒன்றே ஒன்று. எங்கள் பிரிவின் தலைமை டாக்டரை எல்லோரும் பெரிய மேடம் என்போம். கன்னடக்கார அம்மா. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, அதிர்ந்து பேசாத குரல். அந்தக் குரலுக்கே நாங்கள் நடுங்குவோம். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் என்னை மெஷின் மேஜையில் படுக்கச் சொன்னார்.

தலை, கழுத்துப் பக்கம் கதிர்வீச்சு கொடுக்கும்போது நோயாளி இம்மியும் அசையக் கூடாது. அதற்காக ஒரு முகமூடி செய்வோம். ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் தகடு. வெந்நீரில் போட்டால் ஊறின அப்பளம் மாதிரி துவண்டுவிடும். ஈரத்தைத் துடைத்து, முகத்தின் மேல் விரித்து, மூக்கு, தாடை, கழுத்து என்று விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். சூடு ஆறியதும் அந்த ஆளின் முகமாகவே இறுகிவிடும். அதைப் போட்டு, மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிட்டு நாங்கள் வெளியே போய்விடுவோம். கனமான கதவு மூடிக்கொள்ளும். உள்ளே அந்த ஆளும் மெஷினும் மட்டும்தான்.

மேடம் எனக்கும் ஒரு முகமூடி செய்து, என்னைப் பூட்டி, மெஷினை ஓட விடாமல் கதவை மட்டும் மூடிவிட்டுக் காபி சாப்பிடப் போய்விட்டார். திரும்பி வந்து அவிழ்த்துவிட்டு, உள்ளே என்ன நினைத்தாய் என்று கேட்டார். வெளியே யாராவது இருக்கிறார்களா என்றுதான் நினைத்தேன் மேடம் என்றேன். எல்லோரும் அதைத்தான் நினைப்பார்கள், அதனால் வெளியிலிருந்து மைக்கில் பேசிக்கொண்டே இரு என்றார். அவ்வளவுதான் என் பயிற்சி. அன்றிலிருந்து வாய் ஓயாமல் பேசினேன். வேலைக்காகத்தான் பேசினேன் என்றால் வீட்டில் நம்புவதில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. மற்ற இடங்களில் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொன்னால் திட்டு விழும். இங்கே ‘வரேன்’ என்று சொன்னால் விழும். சிகிச்சை முடிந்து போகிறவர்கள் ‘போறேன்மா’ என்பார்கள். ‘போங்க, இந்தப் பக்கமே வராதீங்க’ என்போம் நாங்கள். அதுதான் எங்கள் ஆசீர்வாதம். அப்புறம் செக்கப்புக்கு வரத்தான் போகிறார்கள், அது வேறு விஷயம்.

நம்பர் கேட்கிறவர்கள் அப்போதும் இருந்தார்கள். போன் இல்லை, அவ்வளவுதான். மேடத்திடம் யாராவது அதைக் கேட்டால் அவர் நாற்காலியை விட்டு எழுந்து, நோயாளிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருவார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். “சொல்றேன். முதல்ல நாளைக்கு காலையில எழுந்து என்ன செய்வீங்கன்னு சொல்லுங்க” என்பார். பூக்கடைக்காரம்மா ஒருத்தி, மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ வாங்கிக் கட்டுவேன் என்றாள். நம்பர் தெரிந்த பிறகு என்ன செய்வீர்கள் என்றார் மேடம். அவள் கொஞ்சம் யோசித்து, அப்பவும் பூதானே கட்டணும் என்றாள். அப்புறம் அவளே நம்பர் வேண்டாம் என்று எழுந்துபோனாள்.

எல்லோரும் அப்படி இல்லை. பேங்க் ஆபீசர் ஒருவர், எனக்குத் தெரிந்தால்தான் தூக்கம் வரும் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். அவரிடம் மேடம் ஒளிக்காமல் சொன்னார். கூடவே, இது உங்களுக்கு முன்னால் வைத்தியம் பார்த்துக்கொண்ட கூட்டத்தின் கணக்கு, பழைய மெஷின், பழைய மருந்து, இதில் நீங்கள் இல்லை என்றும் சொன்னார். அவர் மறுநாள் நன்றாகத் தூங்கி முகம் தெளிந்து வந்தார். கேட்கிறவரைப் பார்த்துத்தான் பதில். இதில் எனக்கு நல்ல கைப்பழக்கம் இருக்கிறதென்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் வீட்டுக்காரர். பெயர் தேவசகாயம். சுரங்கம் மூடும்வரை நந்திதுர்க் ஷாப்ட்டில், அதாவது ஆட்கள் உள்ளே இறங்குகிற பெரிய குழியில், வேலை. ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் என்ற கூண்டைத் தாங்கும் இரும்புக் கயிற்றைப் பரிசோதிக்கிற வேலை. காலையில் கயிற்றை மெதுவாக ஓட விடுவார்கள். இவர் ஷாப்ட் வாயில் நின்று, ஒரு கை பஞ்சுக் கழிவைக் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொள்வார். எங்காவது ஒரு கம்பி இற்றுப்போயிருந்தால் பஞ்சு அதில் மாட்டிக்கொள்ளும். மாட்டாமல் முழுக் கயிறும் ஓடி முடிந்தால், ‘ஓடட்டும்’ என்பார். அப்புறம்தான் ஆட்கள் ஏறுவார்கள்.

அந்தக் கயிறுகளுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு. பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒரு கம்பிகூட அறாவிட்டாலும், கெடு முடிந்த அன்று கழற்றி எடுத்துவிடுவார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாமல் போனதால்தான் இத்தனை கூத்தும்.

சுரங்கம் மூடியதும் அவரும் என்னோடு ரயில் ஏறினார். பெங்களூரில் லிப்ட் பழுது பார்க்கிற வேலை. மறுபடியும் கயிறுதான். அப்படி இருக்கும்போதுதான் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. நாக்கின் அடியில் புற்றுநோய். எத்தனையோ பேரைப் பார்த்தவள்தான் நான், ரிப்போர்ட்டைப் படித்ததும் எல்லாம் மறந்துபோனது. வெட்கப்படாமல் சொல்கிறேன், ஆஸ்பத்திரிக் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.

அவருக்கு நான் மெஷின் ஓட்டவில்லை. சொந்தக்காரருக்கு ஓட்டக் கூடாது என்று மேடம் காலத்திலிருந்தே பழக்கம். ஆனால் முகமூடியை மட்டும் நான்தான் செய்வேன் என்று அடம் பிடித்தேன். அந்த மூக்கின் வளைவு வேறு யாருக்குத் தெரியும்? சூடான தகட்டை முகத்தில் வைத்து அழுத்தும்போது, கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்க வாயை மூடணும்னு பார்க்கிறேன், இன்னைக்குத்தான் கர்த்தர் வழி காட்டினார் என்றேன். உள்ளே அவர் சிரித்ததில் தாடைப் பக்கம் கோணிப்போய், இன்னொரு தகடு எடுக்க வேண்டியதாயிற்று.

கதிர்வீச்சுக்கு முன்னால் அவருடைய கெட்டுப்போன பற்களை எல்லாம் பிடுங்கினார்கள். பிற்பாடு பிடுங்கினால் தாடை ஆறாது என்பதால் அப்படித்தான் செய்வார்கள். கடைவாயில் ஒரு பல் மிஞ்சவில்லை. நல்லி எலும்பைக் கடித்து, உறிஞ்சி, தட்டில் தட்டி மறுபடியும் உறிஞ்சுகிற மனிதர் அவர். வாரக்கணக்கில் வெறும் கஞ்சி. வாயெல்லாம் புண். உப்பு, உறைப்பு ஒன்றும் தெரியாது. ஒருவழியாக முடிந்தது. கட்டி கரைந்தது. முகமூடியை வீட்டுக்கு எடுத்துவந்து, ஓட்டைகள் காற்றோட்டமாக இருக்கின்றன என்று கவிழ்த்துப் போட்டு வெங்காயக் கூடை ஆக்கிவிட்டார். இன்றைக்கும் என் சமையலறையில் அவர் முகத்திலிருந்துதான் வெங்காயம் எடுக்கிறேன்.

அதன் பிறகு ஒருநாள்கூட அவர் நம்பர் கேட்கவில்லை. பயந்ததாகவும் தெரியவில்லை. சுறுசுறுப்பாக இருந்தார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். கூரை ஒழுகின இடத்தில் ஓடு மாற்றினார். எனக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுத்தே தீருவேன் என்று நின்றார். மோட்டார் சுவிட்சை எப்படிப் போடுவது, பியூஸ் போனால் எப்படிக் கட்டுவது என்று எல்லாம் எனக்குச் சொல்லித்தந்தார். எனக்கு ஒரே பெருமை. பயப்படுகிற நோயாளிகளிடம், என் வீட்டுக்காரரைப் பாருங்கள், எப்படித் தைரியமாக இருக்கிறார் என்று சொல்லாத நாளில்லை.

ஒன்றுக்கு மட்டும் அசையவில்லை. பல்செட் கட்டிக்கொள்ளச் சொன்னால் வேண்டாம் என்பார். வாய் நன்றாக ஆறிவிட்டது, இனிமேல் கட்டலாம் என்று பல் டாக்டரே சொல்லியும் கேட்கவில்லை. “இன்னாத்துக்கு? கஞ்சியே போதும்” என்பார். பயம்தான் போலிருக்கிறது, பிடுங்கிய வலி மறக்கவில்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வருஷ செக்கப் வந்தது. நான் ரிடயர் ஆவதற்கு முந்தைய வருஷம். எங்கள் பிரிவில் ஐந்து வருஷம் என்றால் பண்டிகை மாதிரி. நான் கேக்குக்குச் சொல்லி வைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு பிரியாணிக்குச் சபையில் பாதிப்பேரைக் கூப்பிட்டிருந்தேன். அவர், எல்லாரையும் ஒருவாட்டி பாத்தா நல்லதுதான் என்று மட்டும் சொன்னார். மேடம் அப்போது ஆஸ்பத்திரியில் இல்லை. அவர் இடத்துக்கு வந்த டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டு, எல்லாம் சுத்தமாக இருக்கிறது, இனி அடிக்கடி வர வேண்டாம், வருஷத்துக்கு ஒருதரம் வந்தால் போதும் என்றார். இவர் எழுந்து டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “போறேன் சார். நல்லா பாத்துகினீங்க” என்றார். இவர் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்குக் கலங்கினோம் என்பது ரயிலில்தான் தெரிந்தது.

சாயங்கால வண்டி, நல்ல கூட்டம். எப்படியோ இரண்டு சீட் பிடித்தேன். எதிரில் தினமும் சீட்டு ஆடுகிற நான்கு பேர். வண்டி கன்டோன்மென்ட் தாண்டியதும் இவர் என் கையைப் பிடித்தார். கல்யாணமான புதிதில்கூட ரயிலில் கையைப் பிடிக்காத மனிதர்.

“ரூபி, ஞாயித்துக்கிழமை பிரியாணி முடிஞ்சதும் நீ உன் தங்கச்சி வூட்டுக்குப் போய் கொஞ்ச நாள் இருந்துட்டு வா. நான் இல்லாம இருந்து பழகணும் பாரு.”

“நீங்க இல்லாம நான் இன்னாத்துக்கு இருக்கணும்?”

“கெடு முடிஞ்சிடிச்சி இல்ல? அஞ்சு வருஷம். டாக்டரே வர வேணாம்னுட்டார்.”

எந்தக் கெடு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன். சிகிச்சை முடிந்த அன்று நான் முகமூடியை வாங்க உள்ளே போயிருந்த நேரத்தில், ஒரு சின்ன டாக்டர் இவரிடம், ஐந்து வருஷம்தான் நாங்கள் பார்க்கிற கணக்கு என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது சரிதான். இவர் அதை நந்திதுர்க் ஷாப்ட்டில் நின்று கேட்டிருக்கிறார். எவ்வளவு நன்றாக இருந்தாலும் கெடு முடிந்தால் கழற்றிவிடுவார்கள், தீர்ந்தது. அதனால்தான் சுண்ணாம்பு. அதனால்தான் ஸ்கூட்டரும் பியூஸும். கழற்றப் போகிற வாய்க்குப் பல் எதற்கு என்றுதான் ஐந்து வருஷமும் கஞ்சி குடித்திருக்கிறார்.

சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, கோபமும் வந்தது. மூன்றும் சேர்ந்து வந்ததில் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். சீட்டு ஆடியவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

“இன்னா மனுஷன்யா நீ? ஊருக்கெல்லாம் நான் சொல்லிகினு கீறேன், என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

“உன்னைக் கேட்டா நீ அழுவ. அஞ்சு வருஷமும் அழுவ. இன்னாத்துக்குன்னு உட்டுட்டேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினேன். ஐந்து வருஷம் கெடு இல்லை, அன்றைக்கு எத்தனை பேர் நலமாக இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிற இடம். இந்த வண்டியில் பங்காருபேட்டையில் எவ்வளவு கூட்டம் இறங்கும் என்று தினமும் வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரியும், நீங்கள் எங்கே இறங்குவீர்கள் என்று அவனால் சொல்ல முடியாது, அந்த மாதிரி என்றேன். முதல் வருஷங்களைத் தாண்டத் தாண்டப் பயம் குறையும், அதனால்தான் வருஷத்துக்கு ஒருதரம் போதும் என்றார்கள், கைவிட்டதால் அல்ல என்றேன்.

“அப்ப என் கெடு எப்போ?”

“யாருக்கும் தெரியாது.”

“டாக்டருக்கும்?”

“டாக்டருக்கும்தான்.”

அவர் முகம் கறுத்துப்போனது. “ஒரு கயித்துக்கே நாங்க தேதி வெச்சிருந்தோம்” என்றார். எதிரில் இருந்த சீட்டுக்காரர் குனிந்து, பெரியவரே, டைம் நீட்டியிருக்காங்க, சத்தமா பேசாதீங்க, திரும்பக் கேட்டுடப் போறாங்க என்றார். பெட்டியே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. கெடு இருந்தவரை நிம்மதியாக இருந்த மனிதர், கெடு இல்லை என்றதும் நடுங்க ஆரம்பித்தார். எழுந்தால் கழுத்தைத் தடவுவார். சாப்பிடும்போது தடவுவார். ஜெபத்தில் கண்ணை மூடினால் கை கழுத்துக்குப் போய்விடும். போனில் நம்பர் தேட யாரிடமோ கற்றுக்கொண்டார். ஒரு இடத்தில் ஒன்று, இன்னொரு இடத்தில் வேறொன்று. இட்லித் தட்டை வைத்தால், இதில் எது நான் என்று போனைக் காட்டுவார். பிரியாணி ஞாயிறு அன்று வந்தவர்கள் எல்லோரும் வாழ்த்த, இவர் துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான் மேடத்தின் கேள்வியை எடுத்தேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கண்ணாடியைக்கூடக் கழற்றி வைத்துக்கொண்டு, நாளைக்கு காலையில எழுந்து இன்னா பண்ணப் போறீங்க என்று கேட்டேன். கழுத்தைத் தடவிப் பாப்பேன் என்றார். எத்தனையோ பேரிடம் வேலை செய்த கேள்வி என் வீட்டில் படுத்துவிட்டது.

எரிச்சலில்தான் அடுத்ததைக் கேட்டேன். யோசித்துக் கேட்டதாக நினைக்க வேண்டாம். “நந்திதுர்க்ல கயித்தை இப்படியே நாளெல்லாம் தடவிகினு இருந்தீங்களா?”

“காலையில ஒருவாட்டி. அவ்ளோதான்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஆள் போவும், வரும். தடவிகினே இருந்தா கேஜ் எப்ப ஓடறது?” என்றவர் அப்படியே நிறுத்திவிட்டார். கை கழுத்தில் இருந்தது. மெதுவாகக் கீழே இறக்கினார். என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த நேரங்களில் அதுவும் ஒன்று.

அன்றைக்கு ஒரு ஒப்பந்தம் போட்டோம். கழுத்தை அவர் தொடக் கூடாது. நான் மட்டும் பார்ப்பேன். கயிறு என்றால் தினமும் பார்க்க வேண்டும், சட்டம் என்று வாதாடினார். இது கயிறு இல்லை, கழுத்து என்றேன். டாக்டரைக் கேட்டால், மாதம் ஒருமுறையே அதிகம், வாரத்துக்கு ஒன்று வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை, சபைக்குக் கிளம்புவதற்கு முன்னால் என்று முடிவாயிற்று.

அப்படியே நடக்கிறது. முற்றத்தில் நாற்காலி போட்டு, சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டு உட்காருவார். நான் காதுக்குக் கீழே தொடங்கி, தாடை ஓரமாக, கழுத்து எலும்புவரை வருவேன். அவசரப்படாதே, பஞ்சு மாதிரி போ என்று அதட்டுவார். கட்டி திரும்பினால் எந்த இடத்தில் முதலில் வரும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த இடத்துக்கு விரல் வரும்போது எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் மூச்சு நின்றுதான் போகிறது. எனக்கும் பயம்தான், ஷில்பா. பயம் போய்விடும் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். முடித்துவிட்டு, “ஓடட்டும்” என்பேன். அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு போய்விடுவார். ஒரு வாரத்துக்கு அந்தப் பேச்சே கிடையாது. சில வாரம் நடுவில் கை மேலே போகும். ஷிப்ட் முடிஞ்சது என்று நான் அடுப்படியிலிருந்து கத்துவேன்.

அந்த வருஷ கிறிஸ்துமசுக்கு முன்னால், நான் சொல்லாமலே பல் டாக்டரிடம் போனார். கிறிஸ்துமஸ் மத்தியானம் நல்லி எலும்பைக் கையில் எடுத்து, லீவுக்கு வந்திருந்த எங்கள் பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கடித்தார். முதல் கடியில் பல்செட் எலும்போடு வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு மறுபடியும் கடித்தார். எனக்கு அதைவிட அழகாக எதையும் பார்த்த ஞாபகம் இல்லை. அழகாகக் காட்டச் சொன்னார் அல்லவா, காட்டிவிட்டேன்.

நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், ஷில்பா. நம்பரோடு வருகிறவர்களிடம், என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார். நாம் சொல்கிற கணக்கை அவர்கள் எங்கே நின்று கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பதில் சொல்ல முடிகிறதோ இல்லையோ, மைக்கில் பேசிக்கொண்டே இரு.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அடுத்த வருஷ செக்கப்புக்குப் போனோம். நான் ரிடயர் ஆகிவிட்டதால் நானும் நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறீர்கள் என்றார். இவர் கதவுவரை போய், திரும்பி நின்று, வராந்தா முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

“வரேன் சார். அடுத்த வருஷமும் வரேன்.”

வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த சிஸ்டர் பதறிப்போய், அய்யா, இங்க அப்படிச் சொல்லக் கூடாதுங்க என்றாள்.

இவர் புதுப் பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். “ஏம்மா, நான் வந்தாத்தானே நான் கீறேன்னு அர்த்தம்?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் நான் ஒருநாளும் கேட்டிராத வார்த்தையைச் சொன்னாள்.

“வாங்க.”